ஒலிமாதிரியும் புணர்ச்சியும்: கணினிவழிப் பல்லியம் குறித்த ஒரு மொழியியல் நோக்கு



திரைப்படம் ஒன்றில் கடற்பரப்பின்மீது பொழுது புலர்கிறது. வயலின்கள் மெல்ல எழுகின்றன. செல்லோக்கள் அவற்றைத் தாங்குகின்றன. தொலைவிலிருந்து பிரெஞ்சுக் கொம்புகள் முழங்குகின்றன. எண்பது கலைஞர் ஒருங்கமர்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா இசை என்று செவி முடிவு செய்துகொள்கிறது. ஆயினும், அவ்விசை உருவானபோது அறையில் இருந்தவர் இசையமைப்பாளர் ஒருவராகவே இருக்கக்கூடும். அவர்முன் ஒரு விசைப்பலகையும் ஒரு கணினியும் மட்டுமே இருந்திருக்கும். நாம் கேட்ட வயலின் ஒலிகள் அனைத்தும் உண்மையான வயலின்களில் பிறந்தவை. ஆனால் அந்த மெட்டை எந்த வயலினும் ஒருபோதும் வாசித்ததில்லை.

இது எவ்வாறு இயல்கிறது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். மொழி பற்றிய உரைத்தொடரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். தனித்தனியே பதிவு செய்த ஒலிகளைக் கோத்து உயிருள்ள தொடரை ஆக்க முடியுமா என்பது, இசைத்துறையை வந்தடைவதற்கு முன்பே பேச்சொலி ஆய்வாளர் எதிர்கொண்ட வினா. அவ்வினாவின் மையத்தை நம் இலக்கண மரபு மிகத் தொன்மையான காலத்திலேயே தொட்டிருக்கிறது. ஆகவே, எழுத்ததிகாரம் கற்ற மாணவர் ஒருவர் கணினிவழி இசையமைப்பைப் புரிந்துகொள்ளப் பாதி வழியை முன்னரே கடந்தவராகிறார் என்பதே நான் நிறுவ விழையும் கருத்து.

1. ஒலிமாதிரி என்பது யாது?

மாதிரி எடுத்தல் என்னும் தொடர் இத்துறையில் இரு பொருளில் வழங்குகிறது. முதற்பொருள் பொறியியல் சார்ந்தது. ஒலி என்பது காற்றழுத்தத்தின் இடையறாத ஏற்ற இறக்கம். கணினி அதனை இடைவிட்டு அளந்து எண்களாக்கிச் சேமிக்கிறது. குறுந்தட்டு முறையில் ஒரு நொடிக்கு 44,100 முறையும், திரைப்பட ஒலிப்பதிவில் வழக்கமாக 48,000 முறையும் அளவெடுக்கப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளையே உணரவல்லது. கேட்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால் அந்த அலையை மீட்டெடுக்கலாம் என்பது கோட்பாடு. அவ்வெண்கள் அமைந்ததன் காரணம் இதுவே.

இரண்டாம் பொருளே நமக்கு இங்கு வேண்டுவது. ஒரு கருவியின் ஒரு சுரத்தைத் தனியே வாசிக்கச் செய்து பதிவு செய்த ஒலித்துண்டு ஒலிமாதிரி எனப்படுகிறது. அத்தகைய துண்டுகள் பல்லாயிரத்தைத் திரட்டி ஒழுங்குபடுத்தி வைத்திருப்பது ஒலிமாதிரித் தொகுப்பு. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய துண்டு ஒலிக்கிறது. இசையமைப்பாளர் தொகுப்பிலிருந்து துண்டுகளை அழைத்துக் கோக்கிறார்.

அழைக்கும் முறைக்கு ஒரு பொதுமொழி உண்டு. மிடி எனப்படும் அந்நெறிமுறை 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. மிடி ஒலியைச் சுமந்து செல்வதில்லை. எந்த விசை, எவ்வளவு விசையுடன், எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் குறிப்புகளை மட்டுமே அது எடுத்துச் செல்கிறது. அழுத்தத்தின் வலிமை 1 முதல் 127 வரையுள்ள எண்ணால் குறிக்கப்படும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. வரிவடிவம் ஒலிக்கான குறிப்பாக நிற்பது போலவே மிடிக் கோப்பும் இசைக்கான குறிப்பாக நிற்கிறது. அதனை எந்தக் குரல் வாசிக்கிறது என்பதைப் பொறுத்தே கேட்கும் பயன் அமைகிறது.

2. வளர்ச்சி வரலாறு

கணினிக்கு முன்பே இம்முயற்சி தொடங்கிவிட்டது. 1963ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மெல்லோட்ரான் என்னும் கருவி உருவாயிற்று. அதன் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருந்தது. அதில் புல்லாங்குழல் அல்லது வயலின்களின் ஒரு சுரம் பதிவாகியிருந்தது. விசையை அழுத்தினால் நாடா ஓடி ஒலிக்கும். ஏறத்தாழ எட்டு நொடியில் நாடா முடிந்துவிடும், ஒலியும் அறுந்துவிடும். பீட்டில்ஸ் குழுவினரின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடல் 1967இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் கேட்கும் குழலோசை இக்கருவி தந்ததே.

1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகியோர் உருவாக்கிய ஃபேர்லைட் கருவி ஒலியை எண்களாகச் சேமித்தது. நினைவகம் மிகச் சிறிது. மிகக் குறுகிய ஒலித்துண்டையே அதில் வைக்க இயலும். ஆகவே ஒரு துண்டைப் பதிந்து, அதனை விரைவாக ஓட்டி மேற்சுரங்களையும், மெதுவாக ஓட்டிக் கீழ்ச்சுரங்களையும் பெற்றனர். அதன் விளைவு செயற்கையாக இருந்தது. பேச்சுப்பதிவை விரைவாக ஓட்டினால் பேசியவரின் குரல் பொம்மைக் குரலாவதை நாம் அறிவோம். நம் வாய்க்குழியின் ஒத்ததிர்வு, நாம் உயர்ந்த குரலில் பேசினாலும் தாழ்ந்த குரலில் பேசினாலும் பெரிதும் மாறுவதில்லை. வயலினின் மரப்பெட்டிக்கும் அத்தகைய நிலைத்த ஒத்ததிர்வுகள் உண்டு. ஒரு துண்டை இழுத்து எல்லாச் சுரங்களையும் ஆக்கும்போது வயலினின் உடலே சுருங்குவதும் விரிவதும் போன்ற மயக்கம் செவிக்கு நேர்கிறது.

இதற்குத் தீர்வு ஒவ்வொரு சுரத்தையும் தனியே பதிவு செய்வது. அதற்குப் பெரிய சேமிப்பிடம் வேண்டும். 1998இல் வெளிவந்த கிகாசாம்ப்ளர் என்னும் மென்பொருள், துண்டுகளின் தொடக்கப் பகுதியை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு எஞ்சியதை வன்தட்டிலிருந்து உடனுக்குடன் படித்து ஒலிக்கச் செய்தது. சேமிப்பிடம் பற்றிய கட்டு இதனால் தளர்ந்தது. அதன்பின் எத்தனை துண்டுகளை வேண்டுமானாலும் பதியலாம் என்னும் நிலை வந்தது. எவற்றைப் பதிவது என்னும் வினாவே பின்னர் எஞ்சியது.

3. 1953ஆம் ஆண்டின் ஒரு பாடம்

அவ்வினாவுக்கான விடை பேச்சொலி ஆய்வில் முன்னரே கிடைத்திருந்தது. அமெரிக்க ஒலியியல் அறிஞர் சிரில் ஹாரிஸ் 1953இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பேச்சைச் செங்கற்கள் போன்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, அவற்றை மீண்டும் அடுக்கிச் சொற்களைக் கட்ட முடியுமா என்பது அவர் ஆராய்ந்த வினா. பேச்சொலிகளைக் காந்த நாடாவில் பதிந்து, துண்டுகளாக்கி, வேறு வரிசையில் கோத்துக் கேட்டனர். ஓர் ஒலிக்கு ஒரு துண்டு என்னும் முறை தோல்வியுற்றது. அண்டை ஒலிகளின் தாக்கத்தைக் கருதாமல் கோத்த சொற்கள் இயல்பாக ஒலிக்கவில்லை. ஒவ்வோர் ஒலிக்கும் இடத்திற்கேற்ப வேறுபட்ட பல வடிவங்கள் தேவைப்பட்டன.

பேச்சுத் துண்டுகளை ஆராய்ந்த இந்த ஹாரிஸ் பின்னாளில் இசையரங்குகளின் ஒலியமைப்பு வல்லுநராகப் புகழ்பெற்றார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கின் ஒலியமைப்பை வகுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஆசிரியர்கள் இத்தோல்வியை வகுப்பறையில் நாள்தோறும் கேட்டிருக்கிறார்கள். முதலாம் ஆண்டு மாணவன் எழுத்துக் கூட்டி வாசிக்கையில் ஒவ்வோர் எழுத்தும் பிழையின்றி ஒலிக்கும். சொல் மட்டும் பிறவாது. சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவி ஒருவர் தாம் கணினியில் அமைத்த எட்டு அடவு நீளமுள்ள குழலிசைத் துண்டைக் கொணர்ந்து, இது ஏன் உயிரற்று ஒலிக்கிறது என்று வினவினார். சுரங்களில் குறையில்லை, தாளத்திலும் குறையில்லை. பலமுறை கேட்டபின் எனக்குத் தோன்றியது ஒன்றே. அந்தக் குழல் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிச் சென்று, சுரங்களை மாற்றாமல் அவை இணையும் முறையை மட்டும் திருத்திக் கொணர்ந்தார். அவர் செய்தது என்ன என்பதை இனி இரு படிகளில் காண்போம்.

4. ஓர் எழுத்து, பல ஒலி

தமிழில் ககரம் ஓர் எழுத்தே. ஆனால் 'கடல்' என்பதில் மொழிமுதலில் ஒருவகையாகவும், 'பக்கம்' என்பதில் இரட்டித்து வேறுவகையாகவும், 'தங்கம்' என்பதில் மெல்லினத்தின் பின் அதிர்வுடனும், 'பகல்' என்பதில் இரு உயிர்களுக்கிடையே உரசலாகவும் ஒலிக்கிறது. இவற்றை மாற்றொலிகள் என்கிறோம். இடம் அறிந்து உரிய மாற்றொலியைத் தெரிவது தமிழ் பேசுவோருக்கு இயல்பாகவே கைவந்த திறன்.

ஒரு சுரத்துக்கும் இவ்வாறே மாற்றொலிகள் உண்டு. முதலாவது, வன்மை மென்மை பற்றியது. மெல்ல ஊதிய கொம்பின் ஒலியைக் கணினியில் உரக்க வைத்தால், உரக்கக் கேட்கும் மெல்லொலியே கிட்டும். கொம்பை வலிந்து ஊதும்போது மேலதிர்வுகள் பெருகி உலோகச் சாயல் கொண்ட வேறொரு நிறம் பிறக்கிறது. ஆகவே ஒரே சுரத்தை மென்மை, நடுமை, வன்மை என மூன்று அல்லது நான்கு அடுக்குகளாகப் பதிகின்றனர்.

இரண்டாவது, இயக்கும் முறை பற்றியது. வில்லை நீள இழுத்தல், சுருக்கமாக நிறுத்துதல், நரம்பின்மேல் வில்லைத் துள்ளவிடுதல், விரலால் மீட்டுதல், வில்லை விரைந்து அதிரவிடுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒலியின் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றுகின்றன. இவை தனித்தனிப் பதிவுகளாகவே இருத்தல் வேண்டும். விசைப்பலகையில் அக்கருவியின் எல்லைக்கு வெளியே பயன்படாது கிடக்கும் விசைகளைக் கொண்டு இம்முறைகளை இசையமைப்பாளர் மாற்றிக்கொள்கிறார்.

மூன்றாவது, திரும்ப வருதல் பற்றியது. ஒரே சுரம் எட்டு முறை விரைந்து வரும் இடத்தில் ஒரே பதிவை எட்டு முறை ஒலிக்கச் செய்தால் இயந்திரத் துப்பாக்கி வெடிப்பது போன்ற ஓசை எழும். மனிதர் ஒரு செயலை இருமுறை அச்சொத்தாற்போல் செய்வதில்லை. ஆதலின் அதே சுரத்தை அதே முறையில் நான்கைந்து தடவை வாசிக்கச் செய்து பதிந்து, மென்பொருள் அவற்றைச் சுழற்சி முறையில் எடுத்துக்கொள்ளுமாறு அமைக்கின்றனர்.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று எண்மம் பரப்புள்ள ஒரு கருவிக்கு 37 சுரங்கள். வன்மை அடுக்கு 3, இயக்கும் முறை 6, சுழற்சிப் பதிவு 4 எனக் கொண்டால், 37 × 3 × 6 × 4 = 2,664 ஒலித்துண்டுகள். ஒவ்வொன்றும் சராசரி ஐந்து நொடி என்றால், திரைப்படத் தரத்தில் ஏறத்தாழ 4 கிகாபைட் இடம் வேண்டும். இது ஒரே கருவிக்கு. கிகாசாம்ப்ளர் ஏன் ஒரு திருப்பமாயிற்று என்பது இப்போது விளங்கும்.

5. புணர்ச்சி

இத்துணைத் துண்டுகளைத் திரட்டிய பின்னும் மெட்டு உயிர்பெறவில்லை. காரணம், இதுவரை நாம் பதிந்தவை அனைத்தும் அமைதியில் தொடங்கி அமைதியில் முடியும் தனிச் சுரங்கள். மெட்டிலுள்ள பெரும்பாலான சுரங்கள் வேறொரு சுரத்திலிருந்து பிறக்கின்றன.

வயலின் கலைஞர் ஒரே வில்லிழுப்பில் இரு சுரங்களை வாசிக்கும்போது, இரண்டாம் சுரத்துக்கு வில்லின் தொடக்கம் இல்லை. அதிர்ந்துகொண்டிருக்கும் நரம்பின்மேல் மற்றொரு விரல் விழுகிறது, அவ்வளவே. குழலில் மூச்சு நிற்காது. துளைமேல் விரல் மட்டும் நகர்கிறது. டிராம்போனில் குழாய் நகர்கிறது. இவ்வாறு இணைத்து இசைப்பதை இத்தாலியச் சொல்லால் லெகாட்டோ என்பர். இரு சுரங்களுக்கும் இடையேயுள்ள அந்தச் சிறு கணம் இரண்டில் எதற்கும் உரியதன்று. ஆனால் வாசிப்பது மனிதர் என்று செவி உணர்வது பெரிதும் அக்கணத்தில்தான்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ஒன்பது இயல்கள் உள்ளன. எழுத்துகளை எண்ணி, அவை மொழியில் நிற்கும் நிலையைக் கூறி, பிறக்கும் இடத்தை விளக்க முதல் மூன்று இயல்கள் போதுமாயின. புணரியல் தொடங்கிக் குற்றியலுகரப் புணரியல் ஈறாக உள்ள ஆறு இயல்கள், எழுத்துகள் சேரும்போது நிகழ்வனவற்றுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒலியின் சிக்கல் அதன் சேர்க்கையில் இருக்கிறது என்பதை நூலின் கட்டமைப்பே காட்டுகிறது.

விகாரப் புணர்ச்சியின் மூவகையை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். 'மரம்' என்பதும் 'வேர்' என்பதும் சேர்ந்து 'மரவேர்' ஆகையில் மகரம் கெடுகிறது. லெகாட்டோவில் இரண்டாம் சுரத்தின் தொடக்கத் தாக்கு கெடுகிறது. 'பல்' என்பதும் 'பொடி' என்பதும் 'பற்பொடி' ஆகையில் லகரம் திரிகிறது. வில் மாறாமல் பிறக்கும் சுரத்தின் தொடக்க நிறம் திரிகிறது. 'வாழை', 'பழம்' இரண்டும் 'வாழைப்பழம்' ஆகையில் இடையே பகரம் தோன்றுகிறது. விரல் நரம்பின்மேல் வழுக்கிச் செல்லும்போது இரு சுரங்களிலும் இல்லாத ஒரு சறுக்கல் ஒலி இடையே தோன்றுகிறது. 'வாழைமரம்' போன்ற இயல்புப் புணர்ச்சியும் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் வில்லைப் புதிதாகத் தொடங்கும் வாசிப்பு அத்தகையது.

இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். இலக்கணம் கூறும் புணர்ச்சி ஒரு மொழியின் விதி. மொழிக்கு மொழி வேறுபடும். நாவும் இதழும் அடுத்த ஒலிக்கு முற்பட்டு நகர்வதால் நேரும் இணைவொலிப்பு, உடலியக்கத்தில் வேரூன்றியது. கருவியின் இடைக்கணம் இரண்டாவதற்கே நெருக்கமானது. எனினும் சேர்க்கையில் ஒலி மாறும் என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது.

பேச்சை ஆக்கும் பொறியியலார் இதற்குக் கண்ட வழி நுட்பமானது. ஒலியின் நடுப்பகுதி ஓரளவு நிலையானது. மாற்றம் விளிம்புகளில் நிகழ்கிறது. ஆகவே ஓர் ஒலியின் நடுவிலிருந்து அடுத்த ஒலியின் நடுவரை வெட்டினால் மாற்றம் துண்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும். இதனை ஈரொலித் துண்டு எனலாம். இசையில் இதற்கிணையான பணியைப் பெருமளவில் செய்தது ஆஸ்திரியாவின் வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி நிறுவனம். செல்லோக் கலைஞரான ஹெர்ப் டுக்மண்ட்ல் 2000ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். அங்கே கலைஞர்கள் தனிச் சுரங்களோடு, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வாசிப்புகளையும் ஒவ்வொன்றாக வாசித்தனர். அவ்விடைக்கணங்கள் பிரித்தெடுக்கப்பட்டுத் தொகுப்பில் வைக்கப்பட்டன. கலைஞனாக இருந்த ஒருவர் இத்தேவையை உணர்ந்தது வியப்பன்று.

இதற்கும் கணக்கிடலாம். 37 சுரங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எண்மம் வரை மேலும் கீழும் செல்லும் இணைப்புகள், இரு முனைகளிலும் இடமில்லாதவற்றை நீக்கினால், 732 ஆகும். மூன்று வன்மை அடுக்குக்கு 2,196. தனிச் சுரத்தின் எல்லா வகைகளுக்கும் ஆன 2,664உடன் இதனை ஒப்பிட்டால், இணைத்து இசைக்கும் ஒரே முறைக்கு மட்டும் எத்துணை உழைப்பு வேண்டும் என்பது புலனாகும்.

6. இசையமைப்பவர் அறிய வேண்டுவன

தொகுப்பு எத்துணைச் சிறந்ததாயினும் அதனைப் பேச வைப்பது இசையமைப்பவர் பொறுப்பு. இன்றியமையாதன ஐந்தினைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, நீண்ட சுரம் ஒருபோதும் ஒரே அளவில் நிற்பதில்லை. கலைஞர் அதனை வளர்த்துத் தணிக்கிறார். கணினியில் ஒரு சக்கரத்தையோ நெம்பையோ நகர்த்தி, மென்மை அடுக்கிலிருந்து வன்மை அடுக்குக்கு ஒலியை நகர்த்த வேண்டும். தொடர்களுக்கு ஏற்ற இறக்கம் இன்றி வாசிக்கும் மாணவரிடம் நாம் சொல்வதையே இங்கும் சொல்லலாம். பொருள் எங்கே திரள்கிறது என்று கண்டு அதை நோக்கிக் குரலை நடத்துக.

இரண்டாவது, மூச்சு. கணினியின் குழலுக்கு நுரையீரல் இல்லை; நாற்பது நொடியும் அது நிற்காமல் ஊதும். கேட்பவருக்கோ நுரையீரல் உண்டு. கலைஞர் மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் இளைப்பாற விழைகிறார். மெட்டை எழுதியவர் அதனைத் தாமே வாயால் பாடிப் பார்த்து, மூச்சு வாங்கும் இடங்களில் இடைவெளி விடுவது நலம். என் மாணவி செய்த முதல் திருத்தம் இதுவே.

மூன்றாவது, எண்ணிக்கை. பதினாறு வயலின்கள் சேர்ந்து வாசித்த ஒரு பதிவைக் கொண்டு மூன்று சுர அடுக்கு ஒன்றை அமைத்தால், கேட்பது நாற்பத்தெட்டு வயலின்கள். உண்மையான குழுவில் அப்பதினாறு பேரும் மூன்று பிரிவாகப் பிரிந்து வாசிப்பர், ஒலி மெலியும். இதனை அறியாது எழுதினால் ஒலி வீங்கிப் பருக்கும்.

நான்காவது, சமநிலை. புல்லாங்குழலின் கீழ்ச்சுரங்கள் இயல்பாகவே மெலிந்தவை. டிராம்போன்கள் முழங்கும் இடத்தில் அவை கேளா. கணினியில் ஒரு நெம்பை உயர்த்தினால் அவை டிராம்போனையும் விஞ்சும். அவ்விசையை மெய்யான குழுவின் முன் வைத்தால் குழல் காணாமற் போகும். திரைத்துறையில் இது வெறும் கோட்பாடாக இருப்பதில்லை. பெரும் படங்களில் இயக்குநர் கணினியில் அமைத்த மாதிரி இசையைக் கேட்டு இசைந்த பின்னரே கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்வர். இயக்குநர் விரும்பிய ஒலி எந்தக் கலைஞராலும் தர இயலாத ஒன்று என்பது பதிவறையில் தெரியவந்தால் இழப்புப் பெரிது.

ஐந்தாவது, காலம். இடைக்கணப் பதிவுகளுக்குத் தொடக்கத்தில் சிறு தாமதம் உண்டு. ஆகவே சுரங்களைத் தாளக்கட்டத்துக்குச் சற்று முன்னரே தொடங்குமாறு நகர்த்த வேண்டும். எல்லாச் சுரங்களையும் கட்டத்தில் துல்லியமாகப் பொருத்திவிடும் வசதி மென்பொருளில் உண்டு. அதனை அளவோடு பயன்படுத்துக. எண்பது பேர் ஒரே கணத்தில் தொடங்குவது மனித இயல்பன்று. மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகக் கொண்ட நம் இலக்கணத்தார், காலத்தை உடலைக்கொண்டே அளந்தனர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

7. தொகுப்புக்குள் அடங்குவனவும் அடங்காதனவும்

எல்லாக் கருவிகளும் ஒரே அளவு எளிமையாகத் தொகுப்பில் அடங்குவதில்லை. பியானோவின் விசையை அழுத்திய பின் அவ்வொலியின் போக்கில் கலைஞர் செய்யக்கூடியது மிகக் குறைவு. பகாங், திரெங்கானு மாநிலங்களின் மலாய் கமலானில் உள்ள வெண்கலத் தகடுகளும் தட்டியபின் தாமே ஒலித்துத் தாமே தேய்பவை. இவற்றை ஒலிமாதிரியாக்குதல் ஒப்பளவில் எளிது. வில்லாலும் மூச்சாலும் இயங்குவன அரிது. அவற்றின் ஒலி பிறந்த பின்னும் இறுதிவரை கலைஞரின் பிடியிலேயே உள்ளது.

வீணையும் நாதசுரமும் இன்னும் அரியன. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. அது அசைந்தே ஒலிப்பது. அவ்வசைவின் அளவும் விரைவும் முன்பின் வரும் சுரங்களைப் பொறுத்து மாறும். அதே சுரத்தானம் மற்றோர் இராகத்தில் வேறு வகையாக நடக்கும். ஆகவே காந்தாரத்தை மட்டும் தனியே வாசிக்கச் சொல்லிப் பதிந்தால் நமக்குக் கிட்டுவது தோடியின் காந்தாரமாக இராது. மேலை இசையில் புணர்ச்சி சுரங்களுக்கு இடையே நிகழ்கிறது. நம் இசையில் அது சுரத்தின் உள்ளேயும் நிகழ்கிறது எனலாம். தனிச் சுரத்தை அலகாகக் கொண்ட முறை இங்குப் போதாது. சொற்றொடர்களையே அலகாகப் பதிவது ஒரு வழி.

இதிலிருந்து எழும் கவலை ஒன்றை ஆசிரியர்முன் வைக்க விரும்புகிறேன். இசையமைக்கும் இளைஞர் தம் கணினியில் எது கிடைக்கிறதோ அதையே கையாள்வர். மேலைப் பல்லியத்துக்கு எண்ணிறந்த தொகுப்புகள் உள்ளன. இலவசமாகக் கிடைக்கும் சிறு தொகுப்புகளும் உள்ளன. நாதசுரத்துக்கு அத்தகைய செல்வம் இல்லை. அதனால் ஒரு தமிழ்க் குறும்படத்தின் திருமணக் காட்சிக்குக்கூட வயலின்களே முந்திக்கொண்டு வருகின்றன. அவ்விளைஞருக்கு நாதசுரத்தின்மீது பற்றில்லை என்று கூறுவது பொருந்தாது. அவர் அழைத்தபோது அது மறுமொழி தரும் நிலையில் இல்லை.

மொழிக்கும் இந்நிலை உண்டு. பொறிகளுக்குப் பேசக் கற்பிக்க மனிதக் குரல் பதிவுகள் வேண்டும். எந்த வழக்கு பதிவாகிறதோ அதுவே பொறியின் வாயில் பிறக்கும். நம் நாட்டில் பேசப்படும் தமிழுக்கென ஒலிப்பும் ஏற்ற இறக்கமும் உண்டு. அவற்றை நாம் கவனத்தோடு பதிந்து வைக்காவிடில், நம் பேரப்பிள்ளைகளிடம் தமிழில் பேசும் பொறி வேறெவர் குரலிலோதான் பேசும்.

பதிவு செய்வது கலைஞருக்கு மாற்றாகிவிடும் என்னும் அச்சமும் புதிதன்று. மெல்லோட்ரான் வந்தபோதே பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அதனைக் கவலையோடு நோக்கிற்று. அக்கவலையை எளிதில் தள்ளிவிட இயலாது. சிறு செலவில் ஆக்கப்படும் படங்களில் மாதிரி இசையே இறுதி இசையாக நின்றுவிடுகிறது. அங்கே வாசித்திருக்கக்கூடிய கலைஞருக்கு ஊதியம் இல்லை. அதே வேளையில், ஒவ்வொரு தொகுப்பின் அடியிலும் பல ஆண்டு பயின்ற கலைஞர் ஒருவரின் கை இருக்கிறது. அக்கை பயிலாது போனால் நாளைப் பதிவதற்கும் ஒன்றிராது. கணினிவழி அமைத்த இசையில் ஒரே ஒரு வயலினையேனும் நேரில் வாசிக்கச் செய்து மேலே சேர்ப்பது பலர் கைக்கொள்ளும் நல்ல வழக்கம். அந்த ஒற்றைக் குரல் பின்னணியிலுள்ள மாதிரிகளுக்கும் உயிர்ப்பைத் தருவதைக் கேட்கலாம்.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

இவ்வுரையின் கருத்தை மாணவர் தம் செவியாலேயே சோதிக்கலாம். ஆடாசிட்டி போன்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளும் ஓர் ஒலிவாங்கியும் போதும். ஒரு மாணவர் 'ப', 'க', 'ல்' ஆகியவற்றை இடைவெளி விட்டுத் தனித்தனியே ஒலித்துப் பதிவு செய்யட்டும். அம்மூன்றையும் வெட்டி ஒட்டிக் கேட்கட்டும். பின்னர் அவரே 'பகல்' என்று இயல்பாகச் சொல்லிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். நடுவிலுள்ள ககரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வகுப்பு முழுவதும் கூறட்டும்.

அடுத்து, குழல் வாசிக்கும் மாணவர் ஒருவர் மூன்று சுரங்களைத் தனித்தனியாகவும், பின் ஒரே மூச்சிலும் வாசிக்கட்டும். முதற்பதிவுகளை ஒட்டி இரண்டாம் பதிவோடு ஒப்பிடுக. ஒரே பாடவேளையில் தமிழாசிரியரும் இசையாசிரியரும் இணைந்து நடத்தக்கூடிய பயிற்சி இது. புணர்ச்சி விதிகள் தேர்வுக்கென மனனம் செய்யும் சூத்திரங்கள் என்று எண்ணியிருந்த மாணவர், அவை தம் வாயிலும் விரலிலும் நிகழ்வனவற்றின் விளக்கம் என்று உணர இது உதவும். பயிற்சி முடிந்தபின் அப்பதிவுகளை அழித்துவிடாது, பதிந்த நாளும் ஊரும் குறித்துப் பள்ளியில் சேமித்து வைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.